இவானவிச்சும் இவானவ்னாவும் ஒரு நிச்சயதார்த்தமும்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் நின்றுபோக இருந்தது.

நகைத் தகராறு இல்லை. ஜாதகத்தில் கோளாறு இல்லை. பெண் லட்சணமானவள், பையனுக்குத் தந்தி ஆபீஸில் உத்தியோகம். பிறகு யாரால்தான் நிற்க இருந்தது என்கிறீர்களா? இவான் என்று ஒருவரால். அவர் புதுச்சேரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை. ரஷ்யாவில் எங்கோ ஒரு ஊரில், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்த மனுஷர்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் எதிர் வீட்டுக்காரரைத் தெருவே 'முசே' — பிரெஞ்சில் ஐயா — என்றுதான் கூப்பிடும். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். சொந்தப் பெயர் என்ன என்று தெருவில் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. பட்டாளத்தில் சேர்ந்த அன்றைக்குக் காகிதத்தில் முதலில் எந்தப் பெயர் இருந்ததோ அதுதான் ஆள் பெயர் என்று துரை எடுத்துக்கொண்டான். முதலில் இருந்தது இவர் அப்பா பெயர். சைகோனில் இருந்த காலம் முழுவதும் அப்பா பெயருக்குத்தான் இவர் சல்யூட் அடித்தார். இன்றைக்கும் பென்ஷன் ஆபீஸில் 'முசே முருகேசன்' என்று அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரைத்தான் அழைக்கிறார்கள். இவர் எழுந்து போகிறார்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். வாத்தியார் 'சுப்பராயலு' என்பார். நான் எழுந்து 'ப்ரெஸான்' என்பேன். பெயர் அப்பாவுடையது... கொட்டு மட்டும் என்னுடையது.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து முசேவுக்கு ஒரே ஒரு குறை. பிரெஞ்சு பேச ஆள் இல்லை. பென்ஷன் வாங்கும் அன்று கவுண்டரில் கொஞ்சம் பேசலாம். மற்ற நாட்களில் நான்தான் கிடைப்பேன். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவன். நாள் முழுக்கப் பிள்ளைகளின் பிரெஞ்சைக் கேட்டுக் காது புண்ணாகி வீடு திரும்புகிறவனை வாசலிலேயே மடக்கி 'போன்ஸுவார்' என்று கை நீட்டினால் எப்படி இருக்கும்? பல நாள் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் போயிருக்கிறேன்.

இந்த முசே போன வாரத் தொடக்கத்தில் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனார். திரும்பி வரும்போது ஒரு ரஷ்யக்காரரையும் அவர் மனைவியையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் நெய்வேலியில் மின்நிலையம் கட்ட வந்திருக்கும் இன்ஜினீயர். லீவு போட்டுக் கடல் பார்க்க வந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் தன் ஊரில் பிரெஞ்சு டீச்சர். அவ்வளவு போதாதா முசேவுக்கு? ஓட்டலில் ரூம் சரியில்லை என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் பெட்டி முசே வீட்டு மாடிக்கு ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை என் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், இருந்து பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று கட்டளையும் போட்டாகிவிட்டது. எனக்குப் பரம சந்தோஷம். என் சாயங்காலங்கள் எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டன என்று நினைத்தேன்.

எங்கே? முதல் நாளே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

போய் உட்கார்ந்ததும் முசே விருந்தாளியிடம் பெயர் கேட்டார். சாதாரணக் கேள்வி. பதில் வந்து முடிவதற்குள் காப்பி ஆறிப்போயிற்று.

அவர் பெயர் நிக்கொலாய் இவானவிச் ஓர்லோவ். முதலில் இருப்பது அவருக்கு வைத்த பெயர். கடைசியில் இருப்பது குடும்பத்துப் பெயர். நடுவில் இருக்கிறதே இவானவிச் — அதுதான் அப்பா. இவானின் மகன் என்று அர்த்தம். மகளாக இருந்தால் இவானவ்னா என்று ஆகிவிடும். குடும்பப் பெயரையும் சும்மா விடுவதில்லை: புருஷன் ஓர்லோவ், பெண்டாட்டி ஓர்லோவா. பெயருக்கே புடவை கட்டி விடுகிறார்கள்.

சரி, இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று பார்த்தால், நெய்வேலியில் அவருக்குக் கொடுத்திருக்கும் பாஸில் வரிசை வேறு. அதில் ஓர்லோவ் முன்னால் வந்து நிற்கிறார். நிக்கொலாய் அவருக்குப் பின்னால். இவானவிச் கடைசியில். ஆபீஸ் என்றால் குடும்பம் முதலில். மனுஷர்கள் பேசிக்கொள்ளும்போது மனுஷன் முதலில். மரியாதையாகக் கூப்பிட வேண்டுமா? குடும்பப் பெயரைக் கழற்றிவிட்டு, 'நிக்கொலாய் இவானவிச்' என்று அப்பாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் நிக்கொலாய் என்றால் மட்டு மரியாதை இல்லாத பேச்சு.

இதற்கு நடுவில் அந்த அம்மாள் அவரைக் 'கோல்யா' என்று கூப்பிட்டார். முசேயின் மனைவி தனபாக்கியம் அம்மாள், யார் அந்தக் கோல்யா என்று என்னிடம் கிசுகிசுத்தார். அதுவும் அவர்தான், செல்லப் பெயர் என்றேன். ஒரு ஆளுக்கு இத்தனை பெயரா என்று தனபாக்கியம் அம்மாள் பெருமூச்சு விட்டார். எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது.

நம் பழக்கத்தை யோசித்துப் பாருங்கள். நாமும் அப்பா பெயரைச் சுமக்கிறவர்கள்தான். ஆனால் ஒரே எழுத்தாகச் சுருக்கி, பக்கத்தில் ஒரு புள்ளியை வைத்து, வாசல் காவலுக்கு நிறுத்திவிடுகிறோம். என் பெயருக்கு முன்னால் 'சு' இருக்கிறது. அது சுப்பிரமணியனா, சுந்தரமா, சுப்பராயலுவா என்று யார் கேட்டார்கள்? அவர்களோ அப்பாவை முழுசாக உள்ளே அழைத்து நடுக்கூடத்தில் உட்கார வைக்கிறார்கள். நம் ஊரில் ஒருவனுடைய அப்பன் பெயரை இழுத்தால் அது சண்டை. அங்கே அதுதான் மரியாதை.

ரஷ்ய அம்மாள் — வேரா இவானவ்னா — பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் உங்கள் கணவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? தனபாக்கியம் அம்மாள் வெட்கப்பட்டு, 'ஏங்க' என்பேன் என்றார். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதையும் நான் விளக்கினேன். வேரா இவானவ்னாவுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. உடனே கணவரைப் பார்த்து 'ஏங்க' என்றார். அவர் திரும்பவில்லை. இரண்டு நாள் விடாமல் பழக்கினார். பிறகு திரும்ப ஆரம்பித்தார்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

ரஷ்யா விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் பேட்டை வாசகசாலையில் ஒரு வரவேற்பு வைத்தார்கள். மொழிபெயர்ப்புக்கு நான். முன்வரிசையில் மாப்பிள்ளையின் தகப்பனார். அடுத்த தெருவில் அரிசி மண்டி வைத்திருப்பவர். மண்டிப் பலகையில் இன்னமும் அவர் அப்பா ஆறுமுகத்தின் பெயர்தான் இருக்கிறது; ஆகவே ஊருக்கு இவர் 'மண்டிக்காரர்', அவ்வளவுதான். நல்ல மனுஷர். கோயில் காரியம் என்றால் மூட்டையோடு வந்து இறக்குவார். ஒரே ஒரு குணம் — எதைக் கேட்டாலும் உள்ளே போட்டு எடை பார்ப்பார்.

நிக்கொலாய் இவானவிச் ரஷ்ய மொழியில் பேச, வேரா இவானவ்னா அதைப் பிரெஞ்சில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். கடல் பற்றி, முசே வீட்டுச் சாப்பாடு பற்றி, நெய்வேலி வெயில் பற்றி. பிறகு தங்கள் பெயர்களைப் பற்றி. இவானவிச் என்றால் இவானின் மகன், சாகும்வரை அப்பா பெயர் கூடவே வரும் என்றார். நான் அதைக் கொஞ்சம் அழகுபடுத்தியே தமிழில் சொன்னேன். நல்ல கைதட்டல். அடுத்து அந்த அம்மாள் தன் பெயரைச் சொன்னார்: வேரா இவானவ்னா ஓர்லோவா. இவானின் மகள் என்று மொழிபெயர்த்தேன். மறுபடியும் கைதட்டல். முன்வரிசையில் ஒரு ஜோடிக் கை மட்டும் பாதியில் நின்றது. நானும் பார்த்தேன். கொசு அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மண்டிக்காரர் வந்து நின்றார்.

"வாத்தியாரே, நேத்து நீங்க சொன்னதெல்லாம் சரியாத்தானே சொன்னீங்க?"

அட்சரம் பிசகாமல் சொன்னேன் என்றேன், கொஞ்சம் கர்வத்தோடு.

"அவரு இவான் புள்ள. அந்தம்மா இவான் பொண்ணு. அப்போ ரெண்டு பேரும் யாரு?"

என் வாயில் இருந்த பல்பொடி அப்படியே நின்றது.

குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதை அவர் பெரிதுபடுத்தவில்லை. வெள்ளைக்காரப் பெண்கள் கட்டிக்கொண்டவன் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வது இந்த ஊரில் எல்லோருக்கும் பழகிய விஷயம்தான். அவரை உறுத்தியது நடுப்பெயர்.

"வூட்டுப் பேரு கல்யாணத்துல மாறும், ஒத்துக்கறேன். அப்பனுமா மாறுவான்?"

பேர் ஒன்று, ஆள் வேறாக இருக்கலாமே, இவர் அப்பா ஒரு இவான், அந்த அம்மாளின் அப்பா இன்னொரு இவான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உலகத்தில் இத்தனை பெயர் இருக்கும்போது சம்பந்திகள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வந்து அமையுமா, யார் காதில் பூ வைக்கிறீர்கள் என்றார். நானும் அந்த நேரத்தில், அது சரிதானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவர் முடிவு திட்டவட்டமாக இருந்தது. அண்ணன் தங்கை குடும்பம் நடத்துகிற வீட்டில் தன் குடும்பம் கை நனைக்காது. அவர்கள் மாடியில் இருக்கும்வரை வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் கிடையாது. இதை முசேயிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். வேறு யார் சொல்வது? மொழிபெயர்ப்பாளன் நான்தானே.

சொன்னேன். முசே உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து, விறைப்பாக நின்றார். பழைய பட்டாளத்துப் பழக்கம்.

"வூட்டுக்கு வந்தவங்கள வெளிய போன்னு சொல்றதுக்கு நான் இன்னும் பொறக்கல."

தனபாக்கியம் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். புருஷன் பக்கமும் நியாயம் இருக்கிறது, பெண்ணின் வாழ்க்கையும் இருக்கிறது... அந்த அம்மாள் எந்தப் பக்கம் போவார்?

பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். ரஞ்சிதம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நேர் வழி இருக்க, தந்தி ஆபீஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கவேண்டிய வயசும் எனக்கு இல்லை. பையன் ராஜாராமும் அந்த நேரத்துக்குத் தந்தி ஆபீஸ் வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மழை வருமா என்று பார்ப்பானாக்கும். பெண் பார்க்க வந்ததெல்லாம் ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். முசேயும் மண்டிக்காரரும் தாங்களே பார்த்து முடித்த சம்பந்தம் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பட்டும்.

அந்த ரஞ்சிதம் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவியிடம் ஏதோ ஊசி கேட்டாள். வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"நின்னுடுமா மாமா?"

அவ்வளவுதான் கேட்டாள். இந்தத் தெருவில் பாவாடை கட்டிக்கொண்டு ஓடியதிலிருந்து பார்த்த பெண். நிற்காதும்மா என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

இதற்கு ஒரே வழி, அவர்களையே கேட்டுவிடுவது. கேட்டால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஆனால் எப்படிக் கேட்பது? 'மதாம், நீங்கள் உங்கள் கணவருக்கு என்ன உறவு?' என்றா? மாடிப்படி ஏறும்போதே பிரெஞ்சில் வாக்கியத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அடி விழுகிற வாக்கியமாகவே வந்தது. மேலே போனதும் வேரா இவானவ்னா முகம் மலர எழுந்து, "தணிகாசலம் சுப்பராயலோவிச்" என்று என்னை வரவேற்றார். என் அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அவரையும் சேர்த்து உள்ளே அழைத்து நாற்காலி போடுகிற அம்மாளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா? கடல் காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று விசாரித்துவிட்டு இறங்கி வந்தேன்.

அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வைத்திக்குப்பத்திலிருந்து வருகிற மீன்காரம்மா கூடையை எங்கள் வாசலில் இறக்கிவைத்து, எதிர் வீட்டு மாடியைக் கண்ணால் காட்டி, "அந்த அண்ணன் தங்கச்சி இன்னும் போவலயா?" என்று என் மனைவியிடம் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. அவங்க ஊர்ல அதுதான் வழக்கமோ என்னமோ என்று சமாதானமும் சொல்லிவிட்டுப் போனார். கற்பனை செய்து பாருங்கள் — ஒரு நாட்டின் மானமே எங்கள் வாசலில் மீன் கூடைக்குப் பக்கத்தில் கிடந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம். மண்டிக்காரரின் மனைவி பச்சையம்மாள் முசே வீட்டுக்குக் கிளம்பி வந்தார். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பாத அம்மாள். இரண்டு பேருடைய மூக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூடப் பிறந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. பின்னாலேயே மண்டிக்காரரும் வந்தார். ஆனால் உட்காரவில்லை, தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. முசே அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

மாடியிலிருந்து ரஷ்யத் தம்பதி இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நாளைக்குச் சம்பந்தம் செய்துகொள்ளப் போகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்து, குதூகலமாக இருந்தார்கள். பச்சையம்மாள் இரண்டு மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் காதருகில், எல்லா வெள்ளைக்காரர் மூக்கும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, இதில் எதைக் கண்டுபிடிப்பது என்று அலுத்துக்கொண்டார்.

வேரா இவானவ்னா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உங்களை எப்படி மரியாதையாகக் கூப்பிடுவது என்று கேட்டார். பெயர் சொல்லுங்கள், அப்பா பெயரும் சொல்லுங்கள் என்றார். பச்சையம்மாள் தயங்கி, அப்பா பெயர் ரங்கநாதன் என்றார்.

"பச்சையம்மாள் ரங்கநாதவ்னா," என்றார் வேரா இவானவ்னா, தலை குனிந்து.

பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து எங்கப்பா பேர யாரும் எங்கிட்ட கேட்டதில்ல, வாத்தியாரே."

உண்மைதான். தாலி ஏறிய அன்றைக்கே நம் பெண்களுக்கு இனிஷியல் மாறிவிடுகிறது. அதுவரை காவலுக்கு நின்ற அப்பாவை அனுப்பிவிட்டுப் புருஷன் வந்து நின்றுகொள்கிறான். நான் இதை ஒரு தப்பு என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது, தப்புதானோ என்று தோன்றியது.

வேரா இவானவ்னா விடவில்லை. ஆண்களையும் முறையாகக் கூப்பிட வேண்டும் அல்லவா? இத்தனை நாள் வெறும் 'முசே' என்று அழைத்ததே தனக்குக் குறையாக இருக்கிறது என்றார். தனபாக்கியம் அம்மாளிடம் திரும்பி, உங்கள் கணவரின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தனபாக்கியம் அம்மாள், புருஷன் பெயரைச் சொல்லக்கூடாத பெண்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். சுவரில் பெருமாள் காலண்டர். மண்டிக்காரர் வாடிக்கைக்காரர்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கிற காலண்டர்தான்.

வேரா இவானவ்னா பெருமாளை நன்றாகப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். பிறகு பச்சையம்மாள் பக்கம் திரும்பி, உங்கள் கணவர் என்றார்.

பச்சையம்மாளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கையை நீட்டினார்.

அதே சுவர். அதே காலண்டர். அதே பெருமாள்.

வேரா இவானவ்னா காலண்டரைப் பார்த்தார், முசேயைப் பார்த்தார், மண்டிக்காரரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே பெயரா என்று என்னிடம் கேட்டார். ஆமாம், கோவிந்தசாமி என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. முசே கோவிந்தசாமி. மண்டிக்காரரும் கோவிந்தசாமி. பொருத்தம் பார்த்த ஜோசியரிலிருந்து பந்தல் போடுகிறவர்வரை இந்தச் சம்பந்தத்தில் கைவைத்த எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். பெண் கோ. ரஞ்சிதம், பையன் கோ. ராஜாராம். இரண்டு 'கோ'வும் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? ஒருவர் முசே, ஒருவர் மண்டிக்காரர். பெண்டாட்டிகள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஊரும் சொல்லாது.

வேரா இவானவ்னா கைகொட்டிச் சிரித்துவிட்டார். கணவரிடம் ரஷ்ய மொழியில் படபடவென்று சொன்னார். அவரும் சிரித்தார். பிறகு என்னிடம் பிரெஞ்சில் ஒரு வாக்கியம். நான் மொழிபெயர்ப்பாளன். சொன்னதைச் சொல்லவேண்டியது என் கடமை. சொன்னேன்.

"ஒங்க பையனும் ரஞ்சிதமும் அப்படியே எங்கள மாதிரின்னு சொல்றாங்க."

மண்டிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா பேச்சு இது? பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா?"

மண்டிக்காரர் சொன்னது அந்தக் கூடத்திலேயே நின்றது. அவர் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தான் சொன்னதைத் தானே உள்ளே போட்டு எடை பார்த்தார். சிவந்த முகம் மெள்ள மெள்ள அசடு வழிந்தது.

முதலில் சிரித்தது பச்சையம்மாள்தான். முந்தானை வாயிலிருந்து நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் தனபாக்கியம் அம்மாள், அழுகையும் சிரிப்புமாக. ஜன்னல் பக்கம் நின்ற முசேயின் முதுகு குலுங்கியது. சமையல் உள்ளில் ஒரு டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. ரஞ்சிதம் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ரஷ்யர்களுக்கு எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று புரியவில்லை. நானும் முழுக்கச் சொல்லவில்லை. உங்கள் ஊரிலும் இப்படி அமைவதுண்டா என்று மட்டும் கேட்டேன். வேரா இவானவ்னா சொன்னார்: எங்கள் ஊரில் கல்லெறிந்தால் ஒரு இவான் மேல் விழும். கணவருடைய அப்பா இவான் கிராமத்தில் தேனீ வளர்க்கிறார். கல்யாணத்துக்கு ஒரு ஜாடி தேனோடு வந்தார். தன் அப்பா இவான் பள்ளிக்கூட வாத்தியார். யுத்தத்துக்குப் போனவர் திரும்பவில்லை. தான் அப்போது சின்னப் பெண் என்றார். அப்பா முகம்கூடச் சரியாக நினைவில்லை. ஆனால் யாராவது மரியாதையாக வேரா இவானவ்னா என்று கூப்பிடும்போதெல்லாம் அப்பா கூடவே வந்துவிடுகிறார் என்றார்.

இதை அழகுபடுத்தாமல் அப்படியே தமிழில் சொன்னேன். பச்சையம்மாள் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை.

மண்டிக்காரர் தொண்டையைக் கனைத்தார். நேராக நிக்கொலாய் இவானவிச்சின் முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது, கேட்கவும் இல்லை. கும்பிட்டு, 'நிக்கொலாய் இவானவிச்' என்று முழுசாக, தப்பில்லாமல் சொன்னார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவர்போல் சொன்னார். அப்புறம் தனபாக்கியம் அம்மாளைப் பார்த்தார்.

"எல போடுங்கம்மா. சாப்ட்டுட்டே போறோம்."

தனபாக்கியம் அம்மாள் சமையல் உள்ளுக்கு ஓடியதைப் பார்க்கவேண்டுமே. அன்றைக்கு வஞ்சிரம் குழம்பு. மண்டிக்காரர் கையை நன்றாகவே நனைத்தார். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு ஆசை. நான் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் மனைவி மரகதத்தைத் தெரியும். என்னை நீயும் ஒருநாளாவது ரஷ்யக்காரர்கள் மாதிரி மரியாதையாக, என் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடேன் என்றேன். அவள் சாதத்தைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு பேரே என் நாக்குல வராது. இதுல மாமா பேரையும் சேத்தா? மூணு மூணு பேரு வெச்சும் அவங்களுக்குக் கொழப்பம் தீரல. நான் ஏங்கன்னு கூப்ட்டா நீங்க ஒருத்தர்தானே திரும்பறீங்க? அதுல ஒருநாளாவது தப்பு வந்திருக்கா?"

வந்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவ்வளவு துல்லியமான ஏற்பாடு உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்று எனக்கும் அப்போது தோன்றியது.

மறுநாள் நிச்சயதார்த்தம் ஜாம் ஜாமென்று நடந்தது. வேரா இவானவ்னா தனபாக்கியம் அம்மாளின் பட்டுப் புடவையில் வந்தார். நிக்கொலாய் இவானவிச் வேட்டியின்மேல் பேண்ட்டுக்குப் போடுகிற தோல் பெல்ட்டைப் போட்டு இறுக்கியிருந்தார். 'கோவிந்தசாமி குமாரத்தி ரஞ்சிதத்தை, கோவிந்தசாமி குமாரன் ராஜாராமுக்கு' என்று ஒரு பெரியவர் லக்னப் பத்திரிகையைப் படித்தபோது பந்தலே சிரித்தது. மண்டிக்காரர் ஒரு பக்கம் முறைத்துப் பார்த்தார். முறைத்தபடியே அவரும் சிரித்தார். ரஞ்சிதம் தலையைக் குனிந்திருந்தாள். ராஜாராம் வழக்கம்போல் வானத்தைப் பார்த்தான். மேலே பந்தல்தான் இருந்தது.

தட்டு மாற்றி முடிந்து பந்திக்கு எழுந்திருக்கும் நேரம். சமையல் கட்டுப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு அம்மாள், "ஏங்க" என்று கூப்பிட்டார்.

பந்தலில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினோம் — இரண்டு கோவிந்தசாமிகளும், நானும், நிக்கொலாய் இவானவிச்சும்.